சின்ன ஊர்ல அசல் சைனீஸ் கடை: நாக்கு பிரச்சனை இல்ல, அடுப்புதான் பிரச்சனை

எங்க ஊர்ல ஏற்கனவே ரெண்டு சைனீஸ் கடை இருக்கு. ரெண்டுலயும் ஒரே மெனுதான், ஆரஞ்சு சிக்கன், ஜெனரல் சோ சிக்கன், முந்திரி சிக்கன், எக் ரோல், பில்லோட ஒரு ஃபார்ச்சூன் குக்கி. மூணாவதா ஒரு குடும்பம் வந்து நாங்க சைனால சிச்சுவான் மாநிலத்து செங்டூல சாப்பிடுற மாதிரியே போடப் போறோம்னு சொன்னப்ப பாக்கறவன் எல்லாம் சொன்னது ஒண்ணுதான், இந்த ஊர்க்காரன் அதெல்லாம் திங்க மாட்டான், மூணு மாசத்துல மூடிருவாங்க. அமெரிக்கால மிசௌரி மாநிலம், 44ம் நம்பர் ஹைவே ஓரம், ஒரு காலேஜ், ஒரு வால்மார்ட், எண்ணி முடியாத அளவுக்கு சர்ச், அவ்வளவுதான் எங்க ஊரு. கடை திறந்துட்டாங்க, ஓடிட்டும் இருக்கு, ஊர்க்காரங்க நல்லாவே திங்கறாங்க. ஆனா திறக்கறதுக்குள்ள அவங்க பட்ட பாடு சாப்பாட்டால வரல, வேற எங்கெங்கயோ இருந்து வந்துச்சு, அதைத்தான் சொல்லலாம்னு உக்காந்தேன்.

நான் இதுல எங்க வந்தேன்னா, கட்டடங்களுக்கு ஏசி, டக்ட் டிசைன் பண்றதுதான் என் பொழப்பு. அந்தக் கடை போட்ட குடும்பத்து அக்காவோட பொண்ணும் என் பையனும் ஒரே ஸ்கூல் பஸ். ஒருநாள் பஸ் ஸ்டாப்ல ஒரு கான்ட்ராக்டர் கொட்டேஷனைக் கையில குடுத்து, இவ்வளவு பணம் எதுக்குக் கேக்கறாங்கன்னு கேட்டாங்க. பாத்தா பாதிக்கு மேல அடுப்புக்கும் அதுக்கு மேல தொங்கற புகைக்கூண்டுக்கும்தான்.

அவங்க புடிச்ச இடம் முன்னாடி பீட்சா கடை. வாடகை கம்மி, காலேஜுக்குப் பக்கம், மேஜை நாற்காலி எல்லாம் இருக்கு, யார் பாத்தாலும் சரின்னுதான் சொல்லுவாங்க. பிரச்சனை சுவத்துக்குப் பின்னாடி இருந்துச்சு. நம்ம வீட்டு கேஸ் அடுப்புல ஒரு பர்னர் 10,000ல இருந்து 15,000 பிடியூ (சூட்டை அளக்கற யூனிட்) சூடு குடுக்கும். சைனீஸ் கடைல வோக்குன்னு சொல்ற அடி வளைஞ்ச பெரிய சட்டிய வெக்கற அடுப்புல ஒரு குழிக்கே 1,00,000 பிடியூவுக்கு மேல போகும், அவங்க கேட்டது மூணு குழி. பீட்சா ஓவனுக்குப் போட்ட கேஸ் பைப்பும் மீட்டரும் இதுக்குப் பத்தவே பத்தாது. மீட்டர் மாத்தணும்னா கேஸ் கம்பெனி வரணும், பைப் மாத்தணும்னா பக்கத்துக் கடை சுவத்தை உடைக்கணும், அதுக்கு கட்டட ஓனர் சம்மதிக்கணும், அவரு யார் செலவுன்னு கேப்பாரு. ரெண்டு குழியோட நிறுத்திக்கிட்டாங்க.

எதுக்கு இவ்வளவு நெருப்புன்னு தோணும். கறித்துண்டு சட்டில விழுந்த உடனே தண்ணி விடும்ல, அந்தத் தண்ணி விட்ட வேகத்துலயே ஆவியாப் போகணும், இல்லேன்னா வதக்கல் போய் அவியலாயிடும். வீட்டு அடுப்புல நம்ம பண்ற சைனீஸ் சொதசொதன்னு வர்றதுக்கு சாஸைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. கடைல அவங்க வீட்டுக்காரர் நிக்கறதைப் பாக்கணும், கேஸை முட்டியாலதான் கூட்டிக் குறைக்கறாரு, அடுப்புக்குக் கீழ முட்டி உயரத்துல ஒரு லீவர் இருக்கு, ரெண்டு கையும் சட்டிலயும் கரண்டிலயும் மாட்டியிருக்கும்ல. அடுப்பு மேல்தட்டு சூட்டுல வளைஞ்சிறக் கூடாதுன்னு அது மேல எப்பவும் மெல்லிசா தண்ணி ஓடிட்டே இருக்கும். ஒரு அயிட்டம் முடிஞ்சதும் தலைக்கு மேல இருக்கற குழாயை கரண்டி நுனியால தட்டி, சட்டிய மூங்கில் துடைப்பத்தால ஒரு தேய்ப்பு தேய்ச்சு, தண்ணிய அந்தத் தட்டுலயே கவுத்துட்டு அடுத்த அயிட்டம். ஒரு பிளேட் பீன்ஸ் வதக்கல் வர்றது நான் ஃபோன்ல ஒரு மெசேஜ் அடிக்கற நேரம்தான்.

நெருப்பு கூடுனா புகை கூடும், எண்ணெய்ப் புகைக்கு தனி ஹூட் (அந்தப் புகைக்கூண்டுதான்), அதுக்குள்ளயே தீ அணைக்கற சிஸ்டம், இதெல்லாம் ஃபயர் இன்ஸ்பெக்டர் பாத்து கையெழுத்துப் போட்டாத்தான் கடை. எல்லாரும் மறக்கற விஷயம் என்னன்னா ஹூட் எவ்வளவு காத்தை வெளிய தள்ளுதோ அவ்வளவு காத்து உள்ள வந்தாகணும். மொத தடவை ஓட்டிப் பாத்தப்ப வாசக்கதவைத் திறக்கவே முடியல, உள்ள இருந்து இழுத்துப் புடிச்சிருக்கு, பாத்ரூம் கதவு தானா டம்முனு அடிக்குது. அப்புறம் காத்து உள்ள விட தனி மெஷின், ஜனவரில வெளிய மைனஸ்ல இருக்கறப்ப அந்தக் காத்தை சூடு பண்ணித்தான் விடணும், அதுக்கும் கேஸ். என் தொழில்ங்கறதால சொல்றேன், சின்ன ஊர்ல அசல் சைனீஸ் கடை ஏன் இல்லன்னு கேட்டா என் பதில் இதுதான். டீப் ஃபிரையர் இருந்தாப் போதும்னு ஒரு மெனு போட்டா கட்டடம் ஒத்துக்கும், வோக்க நம்பி மெனு போட்டா கட்டடமே எதிர்க்கும்.

அதுக்காக அந்த ஃபிரையர் மெனுவை நான் கேவலமா சொல்ல மாட்டேன். எங்களுக்குப் பக்கத்துல ஸ்ப்ரிங்ஃபீல்டுன்னு ஒரு ஊரு, முந்திரி சிக்கன் அங்கதான் ஃபேமஸ். அதைக் கொண்டு வந்தவர் டேவிட் லியாங். 1920ல சைனால குவாங்டாங் பக்கம் பொறந்து, 1940ல அமெரிக்கா வந்து, அமெரிக்க ராணுவத்துல சேந்து நார்மண்டில போய் சண்டை போட்டவர். அம்பதுகள்ல ஸ்ப்ரிங்ஃபீல்டுக்கு வந்து அடுத்தவங்க ஹோட்டல்ல சமைச்சுட்டு, 1963ல லியாங்ஸ் டீ ஹவுஸ்னு சொந்தமா ஆரம்பிச்சாரு. திறக்கறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி யாரோ கடை வாசல்ல டைனமைட் வெச்சுட்டாங்க. அந்தக் காலத்து ஸ்ப்ரிங்ஃபீல்டு, புரிஞ்சுக்குங்க. மனுஷன் ரிப்பேர் பண்ணித் திறந்தாரு. ஊர் மக்களுக்கு பொரிச்ச கோழின்னா உசுரு, அதனால கோழியப் பொரிச்சு, மேல ஆய்ஸ்டர் சாஸ் போட்ட ஒரு பழுப்பு குழம்பை ஊத்தி, முந்திரியும் வெங்காயத்தாளும் தூவிக் குடுத்தாரு. இன்னைக்கு ஸ்ப்ரிங்ஃபீல்டு ஸ்டைல் கேஷ்யூ சிக்கன்னா மிசௌரி பூரா தெரியும். 2020ல 99 வயசுல காலமானாரு. குண்டு வெச்ச ஊர்ல கடைய நடத்தி பிள்ளைங்களப் படிக்க வெச்சவர்கிட்ட போய் இது அசல் இல்லையேன்னு கேக்க எனக்கு வாய் வராது. நம்ம ஊர் சிக்கன் மஞ்சூரியனும் அதே கதைதான, 1975ல பம்பாய் கிரிக்கெட் கிளப்ல நெல்சன் வாங் பூண்டு, இஞ்சி, பச்சமிளகாயோட சோயா சாஸ் சேத்துப் பண்ணது, மஞ்சூரியால போய் கேட்டா முழிப்பாங்க.

இன்னொண்ணும் இருக்கு. 1882ல இருந்து 1943 வரைக்கும் சைனாக்காரங்க கூலியாளா அமெரிக்காவுக்குள்ள வரக்கூடாதுன்னு சட்டம். வியாபாரின்னா வரலாம். 1915ல கோர்ட்டு ஒண்ணு ஹோட்டல் முதலாளியும் வியாபாரிதான்னு சொல்லிடுச்சு, அதுக்கப்புறம்தான் சைனீஸ் கடைங்க மளமளன்னு பெருகுச்சு. ஆனா கண்டிஷன் என்ன தெரியுமா, விசாவுக்கு அப்ளை பண்றவரு ஒரு வருஷம் மேனேஜரா மட்டும்தான் இருக்கணும், சமைக்கக் கூடாது, பரிமாறக் கூடாது, கல்லால உக்காரக் கூடாது. அதனால பத்துப் பேரு சேந்து பணம் போட்டு, முறை வெச்சு ஆளுக்கு ஒரு வருஷம் மேனேஜரா உக்காந்திருக்காங்க. சீட்டுப் புடிச்சுக் கடை வெக்கற நம்ம ஆளுங்களுக்கு இது நல்லாப் புரியும்.

சமையலுக்கு ஆளு கிடைக்கறது இன்னைக்கும் தலைவலிதான். நியூயார்க்ல மன்ஹாட்டன் பாலத்துக்குக் கீழ சின்னச் சின்ன வேலை ஏஜென்சிங்க இருக்கு, அங்க போர்டுல ஊர் பேரே இருக்காது, டெலிபோன் ஏரியா கோடுதான் இருக்கும். இந்த நம்பர், இவ்வளவு சம்பளம், பாலத்துல இருந்து பஸ்ல இத்தனை மணி நேரம், அவ்வளவுதான் தகவல். ஆளு வந்து இறங்குனா தங்க வீடு முதலாளி பொறுப்பு. அக்காவுக்கு வந்த ஒரு ஆளு நல்லா வெட்டுவாரு, நல்லா பொரிப்பாரு, ஆனா அவரு சைனாவோட கிழக்குக் கரையில ஃபூஜோ பக்கம், சிச்சுவான் சமையல் அவருக்கும் வெளியூர் சாப்பாடுதான். நம்ம ஊர்ல இருந்து ஒருத்தரக் கூட்டிட்டு வந்து திடீர்னு காஷ்மீரி வாஸ்வான் விருந்து பண்ணுன்னா எப்படி இருக்கும். அதனால வோக்ல நிக்கறது இன்னைக்கும் அவங்க வீட்டுக்காரர் மட்டும்தான், அவருக்குக் காய்ச்சல்னா கடை லீவு.

சாமான் விஷயம் முன்ன மாதிரி மோசம் இல்ல. நாக்கு மரத்துப் போற மாதிரி பண்ணும்ல சிச்சுவான் மிளகு, அதை 1968ல இருந்து 2005 வரைக்கும் அமெரிக்காவுக்குள்ள கொண்டு வரவே தடை. பேரு மிளகா இருந்தாலும் அது எலுமிச்சை வகையறா, அது மூலமா ஆரஞ்சு தோட்டத்துக்கு நோய் வந்துரும்னு பயம். அதே 1968லதான் ஒரு டாக்டர் சைனீஸ் கடைல சாப்பிட்டா உடம்புக்கு ஒரு மாதிரி ஆகுதுன்னு மெடிக்கல் பத்திரிகைக்கு லெட்டர் போட்டு, அஜினமோட்டோ (எம்எஸ்ஜி) பயம் கிளம்புச்சு, அந்த லெட்டருக்கு இன்னும் பதில் சொல்லிட்டு இருக்காங்க, ஃபோன் எடுத்தாலே எம்எஸ்ஜி போடுவீங்களான்னுதான் மொத கேள்வி. எம்எஸ்ஜி போட்ட பொட்டேட்டோ சிப்ஸ் தின்னுட்டே கேப்பாங்க.

பிஷியான் ஊரு அவரை மிளகாய் விழுது, கருப்பு வினிகர், டோஃபு, கொத்துக் கொத்தா பட்டாணிக்கீரை இதுக்கெல்லாம் செயின்ட் லூயிஸ் ஆலிவ் பூலவார்டுதான் போகணும். அந்த ஊர்ல முன்னாடி ஹாப் ஆலின்னு நிஜமான ஒரு சைனாடவுனே இருந்துச்சாம், 1966ல பேஸ்பால் ஸ்டேடியத்துக்காக இடிச்சுட்டாங்க. நாலு மூட்டை அரிசிக்கு மொத்த வியாபாரி லாரிய எங்க ஊர் பக்கம் திருப்ப மாட்டேங்கறான், குறைஞ்சபட்ச ஆர்டர்னு ஒரு தொகை சொல்றான், அதுக்கு வாங்குனா ஃப்ரீசர்ல இடம் இல்ல. அதனால வேன் எடுத்துட்டு அவங்களே போறாங்க.

ஆனா ஒரு நல்ல விஷயம், கறியும் மீனும் இங்கயே அருமையா கிடைக்குது. மாபோ டோஃபுவுக்கு செங்டூல மாட்டுக்கறிக் கொத்துதான் போடுவாங்க, மிசௌரில மாட்டுக்கறிக்கா பஞ்சம். மிளகாய் எண்ணெய்ல மிதக்குற மீன் ஒண்ணு இருக்கு, அதுக்கு எங்க ஆத்துல கிடைக்கற கேட்ஃபிஷ் போட்டாங்க, அதான் கடைய தூக்கி நிறுத்துச்சு. சின்ன வயசுல இருந்து கேட்ஃபிஷ் தின்னு வளந்த ஊரு, குழம்பு செவப்பா இருந்தா என்ன. ட்ரக்ல வந்து இறங்கற ஒரு பெரியவர் வாராவாரம் அதையே கேக்கறாரு, வேர்வை சொட்டச் சொட்ட, தொப்பிய கழட்டி வெச்சுட்டு.

உறைப்பு இவங்களுக்குப் பிரச்சனையே இல்லீங்க. எலும்புதான் பிரச்சனை. மிளகாய்க் குவியலுக்குள்ள கோழி தேடித் திங்கற அயிட்டத்துக்கு அங்க எலும்போட பொடிசா வெட்டிப் போடுவாங்க, இங்க மொத வாரமே ரெண்டு பிளேட் திரும்பி வந்துச்சு, இப்ப எலும்பில்லாம போடறாங்க. எனக்கு அதுல வருத்தம்தான், கோழில எலும்பு இல்லன்னா உறிஞ்ச என்ன இருக்கு. விருதுநகர்ல இருந்து அம்மா வந்திருந்தப்ப கூட்டிட்டுப் போனேன், மாபோ டோஃபுவை ரெண்டு வாய் சாப்புட்டு, "என்னடா இது, பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி உதடு எங்க இருக்குன்னே தெரியல"ன்னாங்க, அப்புறம் சாதத்தைப் போட்டு வழிச்சு சாப்புட்டாங்க. கத்தரிக்காய் பூண்டு சாஸை மட்டும் நான் இதைவிட நல்லாப் பண்ணுவேன்னாங்க, விவாதிக்க முடியுமா.

ஆரஞ்சு சிக்கன் வேணும்னு ஃபோன் வந்துட்டே இருந்துச்சு, அக்கா முடியாதுன்னே சொல்லிட்டு இருந்தாங்க. முந்திரி சிக்கனை மட்டும் மத்தியானத்துக்கு சேத்துக்கிட்டாங்க, அது இந்த ஊரு சாப்பாடு, அதை நான் மதிக்கறேன்னு சொன்னாங்க. மொத்த மெனு ஒரே பக்கம்தான், ரெண்டு குழி அடுப்புக்கு அதுக்கு மேல தாங்காது.

யாராவது இந்த மாதிரி கடை போடற யோசனைல இருந்தா, அது சிச்சுவானா இருந்தாலும் சரி செட்டிநாடா இருந்தாலும் சரி, லீஸ்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேஸ் மீட்டர் மேல என்ன நம்பர் எழுதியிருக்குன்னு ஒரு ஃபோட்டோ எடுத்து தெரிஞ்சவங்களுக்கு அனுப்புங்க. ஹூட் இருக்கான்னு மட்டும் பாக்காதீங்க, எதுக்காகப் போட்ட ஹூட்டுன்னு கேளுங்க. எங்க ஊர் பக்கம் வந்தா செவ்வாய்க்கிழமை மட்டும் வராதீங்க, அன்னைக்கு வேன் செயின்ட் லூயிஸ் போயிருக்கும். மத்த நாள்ல ஆறு மணிக்கு முன்னாடி வந்துருங்க, அதுக்கப்புறம் கேட்ஃபிஷ் தீந்துரும்.