மட்டக்குதிரையும் டி2-வும்

2023 அக்டோபர் 14, சனி

பக்கத்துப் பண்ணைக் கொட்டகையில் ஒன்பது வருடமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த கேட்டர்பில்லர் டி2 புல்டோசரை இன்று வெளியே கொண்டுவந்தோம். கொண்டுவந்தோம் என்றால் பாயை உருவினோம், அவ்வளவுதான். மூன்று டன்னுக்கு மேல் கனக்கும் இரும்பை யார் நகர்த்துவது?

நான் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு ஓரம், பலூஸ். காற்று கொண்டுவந்து கொட்டிய மண் குன்று குன்றாக நிற்கும் கோதுமைக் காடு. சரிவு அதிகம். ஒரு காலத்தில் இங்கே அறுவடை இயந்திரத்தை இழுக்க முப்பது குதிரை வரை பூட்டினார்களாம். அப்புறம் அந்த வேலைக்குச் சங்கிலித் தடம் போட்ட இந்த மஞ்சள் டிராக்டர்கள் வந்தன. சக்கர டிராக்டர் வழுக்கும் சரிவில் இது ஒட்டிக்கொண்டு போகும்.

சொந்தக்காரருக்கு வயது 82. ஊரே அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறது. எனக்கு ஏழு வருடமாகியும் வாய் வரவில்லை. நேரே போய் எதிரில் நின்று பேச ஆரம்பித்துவிடுவேன். இந்தக் குறிப்பில் அவர் பெரியவர். தோள்பட்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை அவரால் இழுக்க முடியாது. "பனி விழுவதற்குள் இது ஓட வேண்டும். எனக்கு உன் கை மட்டும் போதும்" என்றார். மூளையை அவரே தருவாராம். சரி என்றேன்.

சேசிஸ் எண் 5யூ என்று தொடங்குகிறது. 1947 முதல் 1957 வரை வந்த வரிசை, இரண்டு தடங்களின் நடுக்கோடுகளுக்கும் இடையே 50 அங்குலம். 4யூ என்றால் 40 அங்குலம். நான்கு சிலிண்டர் டீசல். அதன் பக்கவாட்டில், தாயிடம் ஒண்டிய கன்றுபோல, அதைக் கிளப்பிவிட இரண்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று. அதற்குத்தான் கயிறு. 'போனி மோட்டார்' என்பார்கள். போனி என்றால் மட்டக்குதிரை.

அக்டோபர் 15, ஞாயிறு

ஊரில் அப்பாவிடம் சொன்னேன். "ஏஞ்சாமி, ஒரு எஞ்சினை ஸ்டார்ட் பண்ண இன்னொரு எஞ்சினா?" என்று சிரித்தார்.

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் கரண்ட் வரும்வரை ஆயில் எஞ்சின்தான். அப்பா ஹேண்டிலைப் போட்டுச் சுற்றுவார், நான் வால்வு லிவரைத் தூக்கிப் பிடித்திருப்பேன். லிவர் தூக்கியிருந்தால் உள்ளே காற்று அமுங்காது, சக்கரம் லேசாகச் சுற்றும். வேகம் பிடித்ததும் "போடு!" என்பார். விட்டுவிடுவேன். டொப், டொப், டொப்.

"அப்பா, அதேதானுங்க இது. உங்க கைக்குப் பதிலா ஒரு பெட்ரோல் எஞ்சின்" என்றேன். "அப்பச் சரி" என்றார். இவ்வளவு சுருக்கமாக வேறு யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை.

கேட்டர்பில்லர் 1931-இல் கொண்டுவந்த முதல் டீசல் டிராக்டரிலேயே இந்த ஏற்பாடு உண்டு. டீசலில் பொறி தரும் பிளக் கிடையாது. காற்றை அமுக்கி அமுக்கியே சூடேற்றிப் பற்றவைக்க வேண்டும். அன்றைய பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் அந்தப் பலம் இல்லை, குளிரில் இன்னும் மோசம். இன்னொரு டிராக்டர் கம்பெனியான இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர்காரர்கள் வேறு வழியில் போனார்கள்: அதே எஞ்சினைப் பெட்ரோலில் ஓடவைத்து, பிறகு டீசலுக்கு மாற்றுவது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் ஒரே தலைக்குள் இரண்டு புத்தி. எனக்கு மட்டக்குதிரைதான் பிடித்திருக்கிறது. ஜான் டீரும் 1949-இல் முதல் டீசல் டிராக்டரை விட்டபோது இதையேதான் வைத்தார்கள்.

அக்டோபர் 21, சனி

நாள் முழுக்கச் சின்ன எஞ்சினோடு. பெரியது ஏதாவது தொந்தரவு தருமா என்று கேட்டேன். "அது தராது. தருவதெல்லாம் இந்தக் குட்டிதான்" என்றார்.

முதலில் மேக்னெட்டோ. பேட்டரி இல்லாமல் காந்தத்தாலேயே பொறி உண்டாக்கும் பெட்டி. மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் பாயின்ட்டுகளில் பச்சையாகக் களிம்பு. வழவழப்பான உப்புத்தாளை மடித்து நடுவே விட்டுத் தேய்த்தேன். கண்டன்சரை மாற்றினோம், எழுபது வயது கண்டன்சரை நம்ப வேண்டாம் என்றார். கையால் மெதுவாகச் சுற்றும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். மேக்னெட்டோவுக்கு உள்ளே ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு சட்டென்று விடுபடும் சத்தம் அது. எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் பொறி பலமாக வருவது அதனால்தான். வந்தது. பிளக்கை இரும்பில் சாய்த்துவைத்துப் பார்த்தால் நீலப் பொறி.

அப்புறம் பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக் கயிற்றை மெதுவாக இழுக்கச் சொன்னார். முன் சிலிண்டர் விரலைத் தள்ளியது. பின் சிலிண்டர் பெருமூச்சு விட்டதோடு சரி. ஹெட்டைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று திறந்த வாய் திறந்தபடி நிற்கிறது. துரு இளக்கும் எண்ணெயை விட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டி, தூக்கி, மறுபடி தட்டி, இருட்டுகிற நேரத்துக்கு அது தானாக இறங்கியது. ஹெட் கேஸ்கட் தபாலில் வர வேண்டும்.

அக்டோபர் 28, சனி

ஓடியது!

கார்புரேட்டரைப் பிரித்ததில் மிதவைக் கிண்ணத்தின் அடியில் பழைய பெட்ரோல் பாகு மாதிரி. ஆல்கஹால் கலக்காத பெட்ரோலாகத் தேடி வாங்கிவந்தேன். கயிற்றின் முடிச்சைச் சக்கரத்தின் வெட்டில் மாட்டி, இரண்டரைச் சுற்று சுற்றி, இழு. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே என்று மூன்று தடவை சொன்னார். எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் கயிற்றோடு கையும் போகும்.

பதினாலாவது இழுப்பில் இருமியது. பதினாறில் பற்றியது. அந்த உடம்புக்கு இவ்வளவு கூச்சலா என்று தோன்றியது. பெரியவர் முகத்தை இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

நவம்பர் 4, சனி

இன்று பெரியது. விவரமாகவே எழுதிவைக்கிறேன், எனக்கே பின்னால் தேவைப்படும்.

ஒன்பது வருடம் நின்ற டீசலில் முதலில் பார்க்க வேண்டியது பம்பின் ரேக். எவ்வளவு எரிபொருள் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் சின்னப் பல்தண்டு. அது 'முழு' நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தால், பற்றிய எஞ்சினை நிறுத்த முடியாது; வேகம் ஏறி ஏறித் தானே உடையும். எங்களுடையது ஒட்டியிருந்தது. எண்ணெயில் ஊறவைத்து இரண்டு நாளில் இளக்கினோம். அப்படியும் பெரியவர் ஒரு பலகைத் துண்டைக் கொடுத்து என்னைக் காற்றுக்குழாய் பக்கத்தில் நிற்கவைத்தார். அடங்காவிட்டால் குழாயின் வாயை மூடு, எஞ்சின் காற்று இல்லாமல் சாகும் என்றார். "வெறும் உள்ளங்கையை வைத்துவிடாதே" என்றும் சொன்னார்.

எஞ்சின் ஆயில் மாற்றியாயிற்று. காற்று வடிகட்டியின் கிண்ணத்துக்கும் புது ஆயில். அந்தக் காலத்தில் தூசி ஆயிலில்தான் படியும். டீசல் லிவரை மூடினோம். கம்ப்ரஷன் லிவரைத் தளர்த்தினோம், ஊரில் நான் தூக்கிப் பிடித்த வால்வு லிவரின் வேலைதான் இதற்கும். போனிக்கும் டீசலுக்கும் நடுவே இருக்கும் கிளட்சைப் பிரித்தோம். போனிக்குக் கயிறு. மூன்றே இழுப்பு.

இங்கேதான் எனக்குப் பொறுமை போயிற்று. போனி ஓடுகிறது, உடனே மாட்டிவிட வேண்டியதுதானே? கூடாதாம். இரண்டு எஞ்சினுக்கும் ஒரே தண்ணீர். சின்னது ஓட ஓட அந்தத் தண்ணீர் சூடாகிப் பெரியதையும் மெதுவாகக் கதகதப்பாக்குகிறது. போனியின் புகைகூட வீணாவதில்லை. டீசல் காற்றிழுக்கும் குழாயைச் சூடாக்கிவிட்டுத்தான் வெளியே போகிறது. யார் யோசித்தார்களோ, குளிர் நாட்டுக்காரர்தான் யோசித்திருக்க வேண்டும்.

ஐந்து நிமிடம் கழித்து, கிளட்ச் லிவரைப் பிரிக்கும் பக்கமாக இன்னும் கொஞ்சம் அழுத்தினோம். அங்கே ஒரு பிரேக் இருக்கிறது, சுற்றுகிற பல்சக்கரத்தை நிறுத்த. நின்றதும் அதை டீசலின் பெரிய சக்கரத்தில் மாட்டினோம். பிரேக் இல்லாமல் மாட்டினால் வரும் 'கரகர' சத்தத்துக்கு விலை அதிகம். பிறகு கிளட்சை மெல்ல விட்டேன். போனி முனகியது. டீசல் சுற்றத் தொடங்கியது. தளர்வாக, அமுங்காமல், சும்மா. ஆயில் பிரஷர் முள் எழும்பும்வரை சுற்றவிட்டோம். தீப்பிடிக்கும் முன்பே பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சாவியைத் திருப்பியதும் சீறுகிற என் பிக்கப் இப்படி ஒரு மரியாதையைக் கண்டதே இல்லை.

கம்ப்ரஷன் லிவர் 'ஓடு' நிலைக்கு. போனியின் குரல் சட்டென்று கட்டைக் குரலானது. அப்பாவின் "போடு!" ஞாபகம் வந்தது. ஒரு நிமிடம் அப்படியே. பின்பு பெரியவர் டீசல் லிவரைத் திறந்தார்.

வெள்ளைப் புகை. ஒரு சிலிண்டர் இடித்தது. இரண்டு. நாலும். வேகம் ஏறியதும் பல்சக்கரம் 'டக்' என்று தானே விலகிக்கொண்டது; சுற்றும் வேகத்தில் விரியும் எடைகள் அதன் கொக்கியை விடுவிக்கும். கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. பலகைக்கு வேலை வரவில்லை.

சாயங்காலம் இன்னொரு தடவை ஸ்டார்ட் செய்தேன், தனியாக. பெரியவர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 5, ஞாயிறு

வலது கை மேலே போகமாட்டேன் என்கிறது. வேறொன்றும் இல்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஒரு டப்பா மைசூர்பாகுடன் போனேன். கயிற்றைக் கையில் எடுத்தவனை நிறுத்தி, "போனியில் ஆயில் பார்த்தாயா?" என்றார். போன வாரம்தானே பார்த்தோம் என்றேன். பார் என்றார்.

மட்டம் ஏறியிருந்தது. ஓடிய எஞ்சினில் ஆயில் குறையலாம், எப்படி ஏறும்? விரலில் தொட்டு முகர்ந்தேன். பெட்ரோல்.

தப்பு என்னுடையது. போன சனிக்கிழமை சாயங்காலம் போனியை ஸ்விட்சைத் தட்டி நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். அப்படி நிறுத்தக் கூடாது. பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, கிண்ணத்தில் மிச்சமிருப்பதைக் குடித்துத் தானாக அடங்கும்வரை ஓடவிட வேண்டும். நான் வால்வை மூடவே இல்லை. கிண்ணத்துக்கு வரும் பெட்ரோலை அடைக்கும் மிதவை ஊசி தேய்ந்திருந்ததால், எட்டு நாளும் சொட்டுச் சொட்டாகக் கசிந்து எஞ்சினின் வயிற்றுக்குள் இறங்கியிருக்கிறது. அதோடு இழுத்திருந்தால் பேரிங் ஆயிலில்லாமல் தேய்ந்திருக்கும். அதைவிட மோசம், உள்ளே நிறைந்த ஆவி பற்றி வெடித்திருக்கலாம். இந்த எஞ்சின்கள் பலதும் செத்தது இப்படித்தானாம்.

பெரியவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆயிலை வடித்து, புதிது ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்து, மறுபடி ஊற்றினோம். ஊசியும் அது உட்காரும் இடமும் மாற்றியாயிற்று. மைசூர்பாகு இரண்டு துண்டு சாப்பிட்டார். நெய் அதிகம் என்றார், மூன்றாவதை எடுத்துக்கொண்டே.

நவம்பர் 25, சனி

நன்றி சொல்லும் நாள் விடுமுறையில் ஓட்டிப் பார்த்தோம். வண்டி வலப்பக்கம் மட்டும் திரும்புகிறது. திருப்புவதற்காக இடப்பக்கத் தடத்தை எஞ்சினிலிருந்து பிரிக்கும் ஸ்டியரிங் கிளட்சின் தகடுகள் துருவில் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. லிவரைப் பின்னால் இழுத்துக் கட்டிவைத்து, வண்டி சூடேறும்வரை ஓட்டி, இடப்பக்க பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க, நாற்பது நிமிடத்தில் ஏதோ உடைவதுபோல் 'டங்' என்றது. உடையவில்லை, விடுபட்டது. அன்றே டாங்கில் குளிர்கால டீசல் ஊற்றினோம். கோடை டீசல் இந்த ஊர்க் குளிரில் மெழுகாக உறைந்துவிடும்.

2024 ஜனவரி 13, சனி

வெளியே மைனஸ் இருபதுக்கும் கீழே. நேற்றே போன் செய்து போனியின் ஆயிலை வடித்து வீட்டுக்குள் கொண்டுவரச் சொன்னார். ராத்திரி முழுக்க அது அவர் அடுப்பருகே ஒரு காபி டப்பாவில் இருந்தது. காலையில் வெதுவெதுப்பாகத் தூக்கிக்கொண்டு ஓடி ஊற்றினேன். கயிறே குச்சி மாதிரி விறைத்திருந்தது. பிளக்குகளையும் சமையலறையில் சூடாக்கி எடுத்துவந்து மாட்டினேன். ஒன்பதாவது இழுப்பில் பற்றியது.

பதினைந்து நிமிடம் போனி மட்டும். அப்புறம் டீசலைத் தளர்வில் பத்து நிமிடம். முள் எழும்ப இவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை. லிவரைப் போட்டதும் போனி நின்றுவிடும்போல் திணறியது. டீசலைத் திறந்ததும் இரண்டு இடி, வெள்ளைப் புகை, பிறகு ஒரே சீர். வால்வை மூடினேன். போனி கடைசிச் சொட்டைக் குடித்து அடங்கியது.

தபால் பெட்டிவரை பனியைத் தள்ளி வழி எடுத்துவிட்டுத் திரும்பினால், பெரியவர் கோட்டுக்குமேல் கோட்டுப் போட்டுக்கொண்டு தடியூன்றிக் கொட்டகை வாசலில் நிற்கிறார். பக்கத்தில் வந்தார். கையுறையைக் கழற்றி, பெட்ரோல் வால்வை ஒருமுறை திருகிப் பார்த்தார். மூடித்தான் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் கையுறையை மாட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.