134 கேஸுக்குத் தராசு வேண்டும்

கான்டெஸா, பிரீமியர் 118 என்இ, மாருதி 1000 காலத்துக் கார் ஏசிகள், சிஎஃப்சி வகையைச் சேர்ந்த ஆர்12 கேஸை நம்பிச் செய்தவை. இந்தியாவில் ஓசோன் படலத்தைக் கெடுக்கும் சிஎஃப்சி கேஸ்களின் காலம் 2010 தொடக்கத்தோடு முடிந்தது. அதனால் பெரும்பாலான பழைய வண்டிகள் 134-க்கு, அதாவது ஆர்134ஏ என்ற மாற்று கேஸுக்கு, மாறிவிட்டன. மாற்றிய பிறகும் கூலிங் போதவில்லை என்று புலம்புகிறவர்கள் ஏராளம். பழி கேஸின் மேல் விழுகிறது. உண்மையில் ஏற்றிய அளவுதான் தப்பு.

ஆர்12 காலத்துப் பழக்கம் இது: டிரையர் (ஏசி லைனில் ஈரத்தை உறிஞ்சும் சிலிண்டர்) தலையில் இருக்கும் சின்னக் கண்ணாடியைப் பார்த்து, குமிழி மறையும்வரை கேஸ் ஏற்றுவது. அந்தக் கேஸுக்கு அது சரியாகவே வேலை செய்தது. 134-இல் அளவு சரியாக இருக்கும்போதே கண்ணாடியில் குமிழி ஓடும், பால் கலந்தது போலவும் தெரியும். அது தெளியட்டும் என்று ஏற்றிக்கொண்டே போனால் கேஸைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சரில் திரவம் தேங்கி, கேஸ் குளிர்ந்து திரவமாக இடம் இல்லாமல் போகும். ஹை சைடு (கம்ப்ரஸருக்கு அடுத்த உயர் அழுத்தப் பக்கம்) பிரஷர் எகிறும், கூலிங் குறையும். ஆகவே கண்ணாடியை மறந்துவிட்டு எடை போட்டு ஏற்றுங்கள்.

எவ்வளவு ஏற்றுவது? பழைய ஆர்12 எடையில் 80 முதல் 90 சதவீதம். வண்டியின் ஏசி ஸ்டிக்கரில் 900 கிராம் என்று இருந்தால் 700 கிராமில் நிறுத்திப் பாருங்கள். பிறகு ஐம்பது ஐம்பது கிராமாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நடு வென்டில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்க்க வேண்டும். வென்ட் வெப்பம் இறங்குவது நின்று, ஹை சைடு மட்டும் ஏறத் தொடங்கினால் அந்த வண்டிக்கு அதுதான் எல்லை. ஐந்து கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசே இதற்குப் போதும்.

கேனைத் தொடுமுன் மூன்று விஷயம் முடிந்திருக்க வேண்டும். முதலாவது ஆயில். ஆர்12-இன் மினரல் ஆயில் 134-இல் கரையாது. கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸருக்குத் திரும்பி வராமல் கூலிங் காயிலில் தங்கிவிடும், கம்ப்ரஸர் காய்ந்து பிடித்துக்கொள்ளும். மாற்று வேலைக்கு எஸ்டர் ஆயில் நல்லது. மிச்சம் மீதி மினரல் ஆயில் இருந்தாலும் 134-க்கான இன்னொரு வகையான பிஏஜி ஆயிலைவிட அது பொறுத்துக்கொள்ளும், ஈரத்தையும் குறைவாகவே இழுக்கும். கம்ப்ரஸரைக் கழற்றிக் கவிழ்த்துப் பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். லைனையும் காயிலையும் பிளஷ் செய்து கழுவும்போது மண்ணெண்ணெய், டீசல் வேண்டவே வேண்டாம். உள்ளே தங்கும் படலம் புது ஆயிலைக் கெடுக்கும்.

இரண்டாவது டிரையர். உள்ளே இருக்கும் உலர்த்தி எக்ஸ்ஹெச்-7 அல்லது எக்ஸ்ஹெச்-9 வகையாக இருக்க வேண்டும். பழைய எக்ஸ்ஹெச்-5 இந்தக் கேஸுக்கு ஆகாது. மூடியைக் கடைசி நிமிடத்தில்தான் கழற்ற வேண்டும். மூன்றாவது ஓரிங், அதாவது இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். கழற்றிய ஒவ்வொரு இணைப்பிலும் ஹெச்என்பிஆர் ரகம் (பெரும்பாலும் பச்சை நிறம்) போட்டு, ஆயில் தடவி முடுக்குங்கள்.

லீக் பார்க்க நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ, சோப்பு நுரை. டயர்க் கடைக் காற்று உள்ளே ஈரத்தைத் தள்ளும். அழுத்தத்தில் காற்றோடு கலந்த 134 தீப்பிடிக்கவும் கூடும். அடுத்து வேக்யூம்: பம்பால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது, குறைந்தது 45 நிமிடம். 30 டிகிரியில் தண்ணீர் கொதித்து வெளியேற, கடல் மட்டத்தில் கேஜ் 28.7 அங்குலத்தைத் தாண்ட வேண்டும். பெங்களூரில் அதே பம்பு 27-ஐ ஒட்டித்தான் காட்டும், ஊட்டியில் 22, 23 தான். பம்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், வெளிக்காற்றின் அழுத்தமே அங்கே குறைவு. பம்பை நிறுத்தி அரை மணி நேரம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

இனி ஏற்றுவது. ஹோஸில் உள்ள காற்றை ஒரு நொடி வெளியேற்றி, அதன் பிறகு தராசைப் பூஜ்யம் ஆக்குங்கள். இன்ஜின் 1500 ஆர்பிஎம், புளோவர் முழு வேகம், ஜன்னல் கண்ணாடிகளை இறக்கி. கேனை நிமிர்த்தி வைத்து லோ சைடு (கம்ப்ரஸருக்குள் போகும் குறை அழுத்தப் பக்கம்) வழியாக மட்டும் ஏற்றுங்கள். கவிழ்த்தால் திரவமாகப் போய் கம்ப்ரஸர் வால்வை உடைக்கும். ஹை சைடு வால்வை இன்ஜின் ஓடும்போது திறந்தால் கேன் வெடிக்கும், இதில் சலுகையே கிடையாது. பாதியில் கேனின் அடியில் வெள்ளையாகப் பனி படர்ந்து கேஜ் முள் தூங்கிவிடும். கேஸ் தீர்ந்துபோனதாக நினைக்காதீர்கள், கேன் சில்லிட்டு உள்ளே அழுத்தம் இறங்கியிருக்கிறது. கை பொறுக்கும் வெந்நீரில் வைத்தால் மீண்டும் இறங்கும். எடை பார்க்கும்போது கேனைத் துடைத்துவிடுங்கள், படிந்த பனியும் ஈரமும் கணக்கைக் கெடுக்கும்.

வெளியே 35 டிகிரி என்றால் லோ சைடு 30 முதல் 40 பிஎஸ்ஐ, ஹை சைடு 210 முதல் 240 வரை நியாயம். 300-ஐ நெருங்கினால் கண்டென்சர் மேல் குழாய்த் தண்ணீரை அடித்துப் பாருங்கள். ஹை சைடு மளமளவென்று இறங்கி வென்ட் சில்லிட்டால் காற்றோட்டம்தான் குறை. பழைய வளைகுழாய்க் கண்டென்சர் 134-க்குத் திணறும். பேரலல் ஃபுளோ (பல குழாய்களில் ஒரே நேரத்தில் கேஸ் ஓடும்) கண்டென்சரும் முன்னால் ஒரு நல்ல ஃபேனும் போட்டால் சிக்னலில் நிற்கும்போதுகூட வித்தியாசம் தெரியும். முழு மாற்று வேலையிலும் காசு போட வேண்டிய இடம் என்று நான் சொல்வது இதைத்தான்.

கொஞ்ச நேரம் நன்றாகக் குளிர்ந்து, லோ சைடு வேக்யூமுக்குப் போய், நிறுத்தி ஓட்டினால் சரியாகிறதா? கூலிங் காயிலுக்குள் கேஸை அளவாக விடும் எக்ஸ்பேன்ஷன் வால்வில் ஈரம் உறைகிறது. டிரையர் மாற்றி மறுபடி வேக்யூம். உள்ளே காற்று இருக்கிறதா என்று பார்க்க, இரவு முழுக்க நின்ற வண்டியில் கேஜ் மாட்டுங்கள். 30 டிகிரியில் இரண்டு முள்ளும் 97 பிஎஸ்ஐ பக்கம் நிற்க வேண்டும். 110, 115 என்று காட்டினால் காற்று கலந்திருக்கிறது, மொத்தத்தையும் மெஷினில் மீட்டெடுத்துப் புதிதாக ஏற்ற வேண்டியதுதான்.

பழைய ஆர்12 கேஸ் ஏற்றும் முனையில் 134 அடாப்டரை லாக் பசை போட்டு முடுக்கி நிரந்தரமாக்குங்கள். பானட்டின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர்: கேஸ் பெயர், கிராம் கணக்கு, ஆயில் வகை, தேதி. அடுத்து கை வைக்கும் மெக்கானிக் மினரல் ஆயிலை ஊற்றாமல் இருக்க அது ஒன்றுதான் வழி.