பீரோ கண்ணாடியில் மணி மூன்று நாற்பது

காசிமேட்டில் எங்கள் வீடு ஒரே அறைதான். அதில் பாதி இடம் பீரோவுக்கு. எட்டாவது படிக்கும் என் மகள் போன மாதம் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, அந்தப் பீரோ கண்ணாடி முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, கண்ணாடில மூணு நாப்பது. நிஜத்துல எத்தனை மணி?"

முழித்தேன். "எட்டு இருபது. பன்னிரண்டுல இருந்து கழிச்சா வந்துடும்மா" என்றாள்.

என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் இப்படித்தான் கேட்பார்களாம். மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90. தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் 3,50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. நாங்கள் எங்கே தாண்டப் போகிறோம்!

படிப்பை அவள் பார்த்துக்கொண்டாள். என்னை அலைய விட்டது காகிதம்தான். வருமானச் சான்று இ-சேவை மையத்தில் முடிந்தது, சரி. அப்புறம் அவள் பெயரில் வங்கிக் கணக்கு. ஆதாரில் இனிஷியல் பின்னால், பள்ளிப் பதிவேட்டில் முன்னால். மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்று நாளும் மீன் வியாபாரம் போச்சு.

நேற்று ராத்திரி பகடைக் கணக்கு. தாயக்கட்டை தரட்டுமா என்றார் அவள் அப்பா. "அதுக்கு நாலு பக்கம்தானேப்பா" என்று சிரித்துவிட்டு, ஒரு உருளைக்கிழங்கைச் சதுரமாக வெட்டி, ஆறு பக்கமும் பேனாவால் புள்ளி வைத்தாள். மை இறங்கிய கிழங்கு, குழம்புக்கு ஆகவில்லை.