குமரகிரி படிக்கட்டும் ஒரு அஞ்சு லிட்டர் கேனும் போதுங்க

ஜிம்முக்குப் பணம் கட்ட முடியலைங்கறதுக்காக உடம்பையே கவனிக்காம விட்டுடறவங்களை நெறைய பாக்கறேன், அதுலயும் பொம்பளைங்கதான் ஜாஸ்தி. வாடகை, புள்ளைங்க பீஸ், சீட்டுப் பணம், கேஸ் எல்லாம் போக மாசம் ஆயிரம் ஆயிரத்தைநூறு தனியா எடுத்து வைக்கறது எங்க வீட்டுலயும் நடக்கற காரியம் இல்லை. ஆனா சேலத்துல இருக்கற நமக்கு அந்தப் பணம் தேவையே இல்லைங்க. இருக்கற கொஞ்சக் காசு போக வேண்டிய இடம் ரெண்டே ரெண்டு, ஒண்ணு சாப்பாடு, இன்னொண்ணு கால்ல போடற ஷூ.

நான் செவ்வாய்ப்பேட்டைல ஒரு மண்டில கணக்கு எழுதறேன். காலைல உக்காந்தா மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எந்திரிக்கறது, அப்புறம் மறுபடியும் சாயங்காலம் வரைக்கும் அதே நாற்காலி. இடுப்பு பிடிப்பு, பாதம் வீங்கறது, மாடி ஏறினா மூச்சு வாங்கறது எல்லாம் இந்த வேலைல கூடவே வரும். டாக்டருங்க எல்லாரும் சொல்ற ஒரே வார்த்தை நடங்க. சரிதான், உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 நிமிஷத்துல இருந்து 300 நிமிஷம் வரைக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கற மாதிரி நடக்கணும்னுதான் சொல்லுது, அதாவது குறைஞ்சது தினம் அரை மணி நேரம்னு அஞ்சு நாள். ஆனா அதோடயே வாரத்துல ரெண்டு நாளாச்சும் தசைக்கு வேலை குடுக்கணும்னும் சொல்லியிருக்கு, அந்த ரெண்டாவது பாதியை யாரும் நம்மகிட்ட சொல்றதே இல்லை, பொம்பளைங்களுக்கு வாக்கிங் போதும்னு விட்டுடறாங்க. வயசு ஏற ஏற தசை கரைஞ்சுக்கிட்டே போகும், நடந்தா மட்டும் அது நிக்காது.

இதுக்குத்தான் நம்ம ஊர்ல படிக்கட்டு இருக்கு. அம்மாபேட்டைப் பக்கம் குமரகிரி, சீலநாயக்கன்பட்டிகிட்ட ஊத்துமலை, ரெண்டுமே முருகன் கோயில், ரெண்டுக்கும் டவுன் பஸ்லயே போயிடலாம், 2021ல இருந்து சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. படி ஏறும்போது முன்னங்கால்ல மட்டும் ஏறாம பாதம் முழுசையும் படில வச்சு, குதிகாலை அழுத்தி ஏறிப் பாருங்க, தொடையும் பின்பக்கமும் வேலை செய்யறது நல்லாவே தெரியும். வேகம் எவ்வளவுன்னா, கூட வர்றவங்ககிட்ட பேச முடியணும், ஆனா பாட்டுப் பாட முடியக் கூடாது, இதை அளக்க வாட்ச் எதுவும் வேண்டாம். மறுநாள் தொடை முன்பக்கம் வலிக்கறது முக்கியமா இறங்கினதாலதான், இறங்கும்போது தசை இழுபட்டுக்கிட்டே நம்ம எடையைத் தாங்குது. அதனால முதல் ரெண்டு மூணு வாரம் மெதுவா இறங்குங்க, ஓடி இறங்காதீங்க.

கைக்கும் முதுகுக்கும் எங்க வீட்டுல இருக்கறது கடலை எண்ணெய் வாங்கின அஞ்சு லிட்டர் கேன் ரெண்டு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோ, அதனால எடையை நம்ம இஷ்டத்துக்கு ஏத்திக்கலாம், ஜிம்ல டம்பெல்னா ரெண்டரை கிலோவை விட்டா அடுத்தது அஞ்சுனு தாவணும், இங்க அரை அரை லிட்டரா ஊத்திக்கிட்டே போகலாம். மூணு லிட்டர்ல ஆரம்பிச்சு, பன்னெண்டு தடவை தூக்கறது சுலபமாயிட்டா அரை லிட்டர் சேர்க்கறது, அவ்வளவுதான். கேன் நெறைஞ்சு அதுவும் பத்தலைன்னா காஞ்ச மணலைக் கொட்டுங்க, அதே கேன் எட்டு கிலோ பக்கம் வந்துடும். ரெண்டு கைலயும் தொங்க விட்டுக்கிட்டு வாசல்ல இருந்து மொட்டை மாடி வரைக்கும் நடக்கறது, லேசா குனிஞ்சு முதுகை நேரா வச்சுக்கிட்டு இடுப்பு வரைக்கும் இழுக்கறது, இதோட சுவத்துல கை வச்சு தண்டால், அதுவும் சுலபமானா கட்டில் ஓரம், அப்புறம் தரை. எங்க அத்தைக்கு அறுபது தாண்டிடுச்சு, அவங்க செய்யறது ஒண்ணே ஒண்ணு, கையை ஊணாம நாற்காலில இருந்து எந்திரிச்சு உக்கார்றது. இப்ப பஸ்ல ஏற அவங்களுக்கு யாரும் கை குடுக்க வேண்டாம், அதைப் பாக்கும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்லி முடியாது.

இனி சாப்பாடு, காசு விஷயத்துல ஏமாறறது இங்கதான். புரோட்டீன் பவுடர் டப்பா ஒண்ணு ஆயிரக்கணக்குல விக்குது. நம்ம நாட்டுக் கணக்குப்படி சாதாரணமா ஒரு ஆளுக்கு உடம்பு எடைல கிலோவுக்கு 0.83 கிராம் புரதம், 60 கிலோ இருக்கறவங்களுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம், எடை தூக்கறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், அந்த ஒரு கிலோலயே 200 கிராமுக்கு மேல புரதம் இருக்கு, இதை விடச் சல்லிசா எங்கயும் கிடைக்காது. ஆனா நம்ம வீடுங்கள்ல அந்தப் பருப்பைத் தண்ணியா சாம்பார் வச்சு ஆறு பேருக்கு ஊத்தறோம், ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஸ்பூன் பருப்பு வந்தா பெருசு. கெட்டியா கடைஞ்சு சோத்தைக் குறைச்சு பருப்பைக் கூட்டுங்க. கொள்ளும் அப்படித்தான், கொள்ளு ரசம் குடிச்சா இளைக்கும்னு வடிச்ச தண்ணியை மட்டும் குடிக்கறாங்க, புரதம் பெரும்பாலும் சக்கைலதான் இருக்கு, கடைஞ்சு சாப்பிடுங்க, சுண்டல் பண்ணுங்க. மீல் மேக்கர் அம்பது கிராம் ஊறவச்சு குழம்புல போட்டா 25 கிராம் புரதம் வந்துடுது. பக்கத்துல நாமக்கல் இருக்கறதால முட்டைக்கு நமக்குப் பஞ்சம் இல்லை, ஒரு முட்டைக்கு ஆறு கிராம். நிலக்கடலை நல்லதுதான், ஆனா நூறு கிராம்ல 560 கலோரிக்கு மேல, ஒரு கைப்பிடியோட நிறுத்திக்கணும். பருப்பு, கடலை எல்லாம் லீ பஜார்ல ரெண்டு மூணு வீடு சேர்ந்து மொத்தமா வாங்கிப் பிரிச்சுக்கிட்டா இன்னும் குறையும், எங்க தெருவுல அப்படித்தான் பண்றோம். நம்ம ஊர் தீனி தட்டுவடை செட்டை விட்டுடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், வாரத்துல ஒரு நாள் நிம்மதியா சாப்பிடுங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆரம்ப சுகாதார நிலையத்துல பிரஷரும் சுகரும் பாத்துக்கோங்க, காசு கிடையாது. நெஞ்சுல அழுத்தமோ தலை சுத்தலோ வந்தா அங்கயே உக்காந்துடணும், வைராக்கியம் காட்டற இடம் அது இல்லை. ஏப்ரல் மே மாசத்துல காலைல ஏழு மணிக்குள்ள இறங்கிடணும், நம்ம ஊர் வெயில் நாப்பது டிகிரிக்குப் போயிடுது. இருட்டுல தனியா போகாதீங்க, நாலு அக்கா தங்கச்சிங்களைச் சேர்த்துக்கோங்க. படி ஏற முடியாதவங்க கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம் நடக்கலாம், ஏரி நடுவுல திட்டு திட்டா மரமும் பறவைங்களுமா இருக்கும். ஏற்காட்டுக்கு அடிவாரத்துல இருந்து நடந்தே போறவங்களும் உண்டு, 20 கொண்டை ஊசி வளைவு, மேல போய்ச் சேர்றதுக்குள்ள ஆயிரம் மீட்டருக்கு மேல ஏத்தம், அதுக்கு நாலஞ்சு மாசம் படி ஏறிப் பழகியிருக்கணும், சனி ஞாயிறு கூட்டத்துல வேண்டவே வேண்டாம்.

ஷூவுக்கு மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, செருப்போட தினம் படி ஏறி இறங்கினா குதிகால் வலில போய் முடியும். பெரிய பிராண்டு தேவையில்லை, கைல எடுத்து மடக்கினா விரல் கிட்ட மடங்கணும், நடுவுல மடங்கக் கூடாது, கட்டை விரலுக்கு முன்னாடி அரை இஞ்ச் இடம் இருக்கணும். வாங்கறதுக்குச் சாயங்காலமா போங்க, நாள் பூரா உக்காந்து நின்னு பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும், அப்ப போட்டுப் பாத்து சரியா இருக்கறதுதான் உங்க சைஸ்.