பூச்சி போனபின் எடுத்த ரத்தம்

பெரு நாட்டின் அரெக்கிப்பா நகரத்தில், மிஸ்தி எரிமலையைப் பார்த்தபடி இருக்கும் மேட்டுக் குடியிருப்புகளில், பிள்ளைகளுக்கு, பூச்சி மூலம் பரவும் சாகாஸ் நோய்க்கான பரிசோதனை செய்த ஒரு குழுவில் ஒன்றரை வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். முதல் வாரமே ஒரு அம்மா வாசலில் வழிமறித்துக் கேட்டார்: "மருந்தடித்துவிட்டார்கள், பூச்சியும் செத்துவிட்டது. அப்புறம் எதற்கு என் பிள்ளையின் ரத்தம்?" இதற்குச் சரியான பதில் சொல்ல எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

பூச்சியை அங்கே சிரிமாச்சா என்கிறார்கள். மூட்டைப்பூச்சி மாதிரி பகலில் சுவர் இடுக்கில் ஒளிந்து, இரவில் வந்து ரத்தம் குடிக்கும். ஆனால் அதைவிடப் பல மடங்கு பெரியது. கடியால் நோய் வருவதில்லை. குடித்ததும் அங்கேயே மலம் கழித்துவிடும். தூக்கத்தில் பிள்ளை சொறியும்போதும் கண்ணைத் தேய்க்கும்போதும் அந்த மலத்திலுள்ள ஒட்டுண்ணி உடம்புக்குள் போய்விடுகிறது. பூசாமல் அடுக்கிய கல்சுவர், கொல்லையில் சமையலுக்கு வளர்க்கும் கினிப்பன்றிக் கூண்டு இரண்டும் சேர்ந்தால் பூச்சிக்கு வீடும் சாப்பாடும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

டெல்டாமெத்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்து, பூச்சி ஒழிந்துவிட்டால் அதனால் புதிதாக யாருக்கும் தொற்றாது. ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் ஏறியது எங்கேயும் போகாது. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காய்ச்சல்கூட வராது, நன்றாக ஓடி விளையாடுவார்கள். பல வருடம் கழித்துத்தான் பத்தில் இரண்டு மூன்று பேருக்கு இதயம் பழுதாகும். சிறு வயதில் மருந்து கொடுத்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். பூச்சி இருக்கும்போதே மருந்து கொடுத்தால் மறுபடி தொற்றிக்கொள்ளும். அதனால்தான் மருந்தடிப்பு முதலில், ரத்தம் அதற்குப் பின்னால். அம்மாக்களிடம் கடைசியில் நான் சொல்லக் கற்றுக்கொண்டது இதுதான்: "பூச்சி இப்போதுதான் செத்தது. அது உயிரோடு இருந்தபோது உங்கள் பிள்ளை இந்தக் கட்டிலில்தானே தூங்கினான்?"

யார் வீட்டில் தொடங்குவது என்று மருந்தடித்தவர்களின் நோட்டுதான் வழி காட்டியது. எந்த வீட்டில் எத்தனை பூச்சி, அவற்றின் குடலில் ஒட்டுண்ணி இருந்ததா என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். தொற்றுள்ள பூச்சி கிடைத்த வீடுகள், பிறகு அக்கம்பக்கம் என்று போனோம். ஆட்கள் குறைவாக இருந்த எங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் நோட்டை மட்டும் நம்பியது பிழை என்று சீக்கிரம் தெரிந்தது. ஒரு பூச்சிகூடக் கிடைக்காத வாடகை வீட்டில் ஒரு சிறுமிக்குத் தொற்று இருந்தது. குடும்பம் முன்பு வெங்காய அறுவடைக்குப் போய்த் தங்கிய பள்ளத்தாக்கில் பூச்சி நிறைய இருந்ததாம். அதற்குப் பிறகு "இதற்கு முன்னால் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்காமல் நான் ஊசியைக் கையில் எடுத்ததில்லை.

ரத்தம் கேட்பதே அங்கே கஷ்டமான வேலை. வெளியாள் வந்து உடம்புக் கொழுப்பை எடுத்துப்போவான், அவன் பெயர் பிஷ்டாக்கோ என்று ஆண்டிஸ் மலைப்பக்கம் ஒரு பழைய பயம் உண்டு. இந்தியாவிலிருந்து வந்த நான் ஊசியோடு நின்றால் எப்படி இருக்கும்? அந்தத் தெருவிலேயே பிறந்த சுகாதாரத் தொண்டர் அக்கா ஒருவர் முன்னால் போய்ப் பேசியதால்தான் கதவுகள் திறந்தன. அப்படிக் கிடைத்த நம்பிக்கையை ஒருநாள் நானே கெடுத்தேன். ஐஸ் பெட்டியை வெயிலில் விட்டுவிட்டேன், ஒரு முழுத் தெருவின் மாதிரிகளும் வீணாகிவிட்டன. மறுபடி போய், நடந்ததை மறைக்காமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டு எடுத்தோம். இரண்டு வீடுகள் கடைசிவரை திறக்கவில்லை. அந்தப் பிள்ளைகளை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு பரிசோதனையை வைத்து முடிவு சொல்லக் கூடாது. ஒட்டுண்ணியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் எலைசா பரிசோதனையோடு வேறு முறையில் இன்னொன்றும் செய்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் சொல்வோம், ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது. கைக்குழந்தைகளின் ரத்தத்தில் தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி சில மாதம் தங்கியிருக்கும் என்பதால் அவர்களுக்குப் பொறுத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். பிள்ளைக்குத் தொற்று என்றால் தாய்க்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பார்ப்போம், ஏனென்றால் கருவிலும் தொற்றலாம்.

என்னை வாசலில் கேள்வி கேட்டாரே, அந்த அம்மாவின் 8 வயதுப் பையனுக்கும் இரண்டிலும் பாசிட்டிவ் வந்தது. ஒட்டுண்ணியைக் கொல்லும் பென்ஸ்நிடசோல் மாத்திரை, 60 நாள். அவன் எடை 24 கிலோ. ஒரு வேளைக்கு முக்கால் மாத்திரை, நாளுக்கு இரண்டு வேளை. 100 மில்லிகிராம் மாத்திரையை அவன் அம்மா சமையலறைக் கத்தியால் நான்காக வெட்டுவார். இரண்டாவது வாரம் கையெல்லாம் தடிப்பு. அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். டாக்டர் பார்த்து, அரிப்புக்கு மருந்து கொடுத்து, மறுபடி தொடங்க மூன்று நாள் ஆனது. அப்புறம் வாரா வாரம் போனோம். பசியில்லை என்று அழுத நாட்களும் உண்டு. ஆனாலும் முடித்துவிட்டான்.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ரத்தம் இன்னும் பாசிட்டிவ்தான். அம்மாவின் முகம் வாடிவிட்டது. மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை, ஆன்டிபாடி மறையப் பல வருடம் ஆகும், அதுவரை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அந்த அக்கா பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். மருந்தடித்த பிறகு பிறந்த தங்கைக்கும் அன்றுதான் ரத்தம் எடுத்தோம். அவளுக்கு நெகட்டிவ். பையனுடைய அட்டையில் அடுத்த வருடத் தேதியை எழுதிக் கொடுத்தேன்.