நைட்ரோல சூப்பர்சார்ஜர்: கராஜ் டைரி

அக்டோபர் 19

சூப்பர்சார்ஜர் கிட் பெட்டி வந்துடுச்சு, அதாவது எஞ்ஜினோட பெல்ட்லயே ஓடி, காத்த அமுக்கி எஞ்ஜினுக்குள்ள தள்ற மெஷின். கராஜ் தரைல அட்டை விரிச்சு எல்லாத்தையும் பரப்பி வெச்சு லிஸ்ட்டோட சரிபாத்தாச்சு. ப்ளோயர் யூனிட், பிராக்கெட், புல்லி ரெண்டு, ரிப் பெல்ட், டென்ஷனர், அதுக்குன்னு தனி ஆயில் டப்பா, குட்டி ஆயில் கூலர், சார்ஜ் ட்யூப், சிலிக்கான் ஹோஸ், பைபாஸ் வால்வ், ஃப்யூல் பிரஷர் ரெகுலேட்டர், ஃப்யூல் கன்ட்ரோலர் பெட்டி, அப்புறம் ஒரு பை நிறைய கிளாம்ப். வண்டி பனில ஓடற ஸ்னோமொபைல் (ஸ்லெட்), யமஹா நைட்ரோ மவுண்டன் மாடல், மூணு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக், 1049 சிசி, கம்பெனி கணக்குல 130 குதிரைசக்தி.

எக்ஸாஸ்ட் புகையால சுத்தற டர்போ ஏன் போடலன்னு எல்லாரும் கேக்கறாங்க, நியாயமான கேள்விதான். மலைல டர்போவுக்கு ஒரு பெரிய பிளஸ் இருக்கு, வேஸ்ட்கேட்டும் (கூடுதல் புகைய வெளிய விடற வால்வ்) பூஸ்ட் கன்ட்ரோலரும் சேந்து உயரம் போனாலும் ஒரு எல்லை வரைக்கும் பூஸ்ட்ட (அமுக்கின காத்தோட கூடுதல் அழுத்தத்த) அதே அளவுல பிடிச்சு வெச்சுக்கும், சார்ஜர் அப்படி இல்ல. ஆனா எக்ஸாஸ்ட் சூட்ட பிளாஸ்டிக் ஹுட்டுக்கு அடில கொண்டாந்து அதுக்கு கவசம் சுத்தி சுத்தி மாளாது. அதுவும் இல்லாம எனக்கு வேண்டியது மரங்களுக்கு நடுவுல கட்டைவிரல் அழுத்தினா அழுத்தின அளவுக்கு இழுக்கணும், ஒரு செகண்ட் கழிச்சு மொத்தமா வந்து தள்ளக்கூடாது.

இதுல ஒரு விஷயம் ரொம்ப பேர் யோசிக்கறதில்ல. என்னோடது மாதிரி சென்ட்ரிஃப்யூகல் சார்ஜர்ல (சுத்தற விசிறி காத்த வெளிப்பக்கம் வீசி அமுக்கற வகை) பூஸ்ட் கிட்டத்தட்ட ஆர்பிஎம்மோட வர்க்கத்துல ஏறும், அதனால கார்ல போட்டா கீழ் ஆர்பிஎம்ல ஒண்ணுமே இருக்காதுன்னு குறை சொல்வாங்க. ஸ்லெட்ல கியர் கிடையாது, பெல்ட்டால விகிதத்த தானா மாத்தற சிவிடி கிளட்ச், ஃபுல் த்ராட்டில் குடுத்தா எஞ்ஜின் நேரா பவர் வர ஆர்பிஎம்க்கு போயி அங்கயே நிக்கும். அந்த கீழ் பகுதி குறையே நமக்கு வராது. ஆனா அதுக்காகவே கிளட்ச் தப்பா இருந்தா பூஸ்ட்டும் போச்சு, அது டிசம்பர் கவலை.

அக்டோபர் 20

ஹுட், சைட் பேனல், ஏர்பாக்ஸ் எல்லாம் கழட்டியாச்சு. கை வைக்கறதுக்கு முன்னாடி லீக்டவுன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள்ள குடுக்கற காத்து எவ்ளோ கசியுதுன்னு பாக்கறது. மூணு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு நெருக்கமா, பத்து சதவீதத்துக்கு நல்லா கீழ. ஏற்கனவே தேஞ்ச எஞ்ஜின் மேல பூஸ்ட் ஏத்தறது பணத்த கொளுத்தறதுக்கு சமம், இந்த டெஸ்ட்ட தாண்டிட்டு யாரும் கிட் போடாதீங்க.

அக்டோபர் 26

இன்னிக்கு முழுக்க பிராக்கெட்தான். மூணு போல்ட் ஓட்டைல ரெண்டு சரியா உக்காந்துச்சு, மூணாவது ஒரு மில்லிமீட்டர் கிட்ட தள்ளி. இழுத்து பிடிச்சு போல்ட் போட்டா உக்காந்துடும், ஆனா பிராக்கெட் முறுக்கிக்கும், முறுக்கிக்கிட்டா புல்லி ரெண்டும் ஒரே நேர்ல இருக்காது, பெல்ட் ஓரம் தின்னும். ரவுண்ட் ஃபைல் வெச்சு ஓட்டைய கொஞ்சம் நீட்டினதும் சிரமம் இல்லாம உக்காந்துச்சு. ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வெச்சு ரெண்டு புல்லி முகத்தையும் பாத்து, வாஷர் மாத்தி மாத்தி, கடைசில இடைவெளியே தெரியாத அளவுக்கு வந்துச்சு.

நடுவுல மச்சான் வந்தான். "ஏன்டா ஆயில் டப்பா இவ்ளோ குட்டியா இருக்கு, எஞ்ஜின் ஆயில்லயே ஓட வேண்டியதுதான"ன்னு கேட்டான். இது ரோட்ரெக்ஸ் கம்பெனி வகை, உள்ள பல் சக்கரமே கிடையாது, வழவழ உருளைங்க ஒண்ணோட ஒண்ணு அழுத்தி உருண்டு வேகத்த ஒன்பதரை மடங்கு கிட்ட ஏத்தற பிளானட்டரி அமைப்பு. உருளைக்கு நடுவுல இருக்கற ஆயில் அந்த அழுத்தத்துல கிட்டத்தட்ட கெட்டியாகி பிடிமானம் குடுக்குது, அதுக்குன்னே தயாரிச்ச ஆயில்தான் ஊத்தணும். சாதா எஞ்ஜின் ஆயில் வழுக்கறதுக்காக செஞ்சது, இங்க வழுக்கினா யூனிட் காலி. இதெல்லாம் சொன்னதும் டப்பா மேல மார்க்கர்ல பெருசா "வேற ஆயில் ஊத்தாதே"ன்னு எழுதி வெச்சுட்டு போனான், நல்ல காரியம்.

புல்லி கணக்கும் போட்டு பாத்தேன். கிராங்க் பக்கம் 1.25 மடங்கு, உள்ள 9.49, எஞ்ஜின் 8600ல ஓடினா இம்பெல்லர் (சார்ஜர் விசிறி) ஒரு லட்சத்து ரெண்டாயிரம் ஆர்பிஎம். ஆயில் லைன்ல காத்து இல்லாம முன்னாடியே நிரப்பி வெக்கச் சொல்றது ஏன்னு இந்த நம்பர பாத்தா புரியும்.

நவம்பர் 2

ஸ்பார்க் ப்ளக் ஒரு ஸ்டெப் கோல்டு ரேஞ்ச் (சூட்ட சீக்கிரம் வெளிய விடறது), கேப் 0.6 மில்லிமீட்டர். சிலிண்டர்ல காத்து அடர்த்தியானா தீப்பொறி தாண்டறது கஷ்டம், கேப் பெருசா இருந்தா மேல் ஆர்பிஎம்ல இருமும், அப்புறம் ஃப்யூல் மேப்ப (எப்போ எவ்ளோ ஃப்யூல்ங்கற அட்டவணைய) குறை சொல்லிட்டு சுத்துவோம். எக்ஸாஸ்ட்ல காத்து-ஃப்யூல் விகிதம் அளக்கற வைட்பேண்ட் சென்சருக்கு பங் (சென்சர மாட்டற வளையம்) வெல்டிங் பண்ணி வாங்கியாச்சு.

ஹெட் கேஸ்கெட் தடிமனா போட்டு கம்ப்ரெஷன குறைக்கலாமான்னு யோசிச்சேன், வேண்டாம்னு விட்டுட்டேன். நான் ஓட்டறது பெரும்பாலும் உயரத்துல, பூஸ்ட்டும் சின்னது. கீழ் மட்டத்துல ஏரி மேல ரேஸ் விடறவங்க கதை வேற, அவங்க இத காப்பி அடிக்க வேண்டாம்.

நவம்பர் 9

ஸ்டார்ட் ஆயிடுச்சு! ஐடில்ல சார்ஜர் சத்தம் காதுகிட்ட கொசு பாடற மாதிரி மெல்லிசா வருது, த்ராட்டில் தொட்டா ஸ்ருதி ஏறுது. சோப்புத் தண்ணி தெளிச்சு ஒவ்வொரு கிளாம்பா பாத்தாச்சு, பைபாஸ் வால்வுக்கு போற சின்ன ஹோஸ்ல மட்டும் லேசா குமிழி, கிளாம்ப் மாத்தினேன். சின்ன வேக்கம் ஹோஸ் எல்லாத்துலயும் கிளிப் போட்டாச்சு, ஸ்டாக் வண்டில (கம்பெனிலேர்ந்து வந்தபடி இருக்கறது) அதெல்லாம் உறிஞ்சப்படற ஹோஸ், இப்போ உள்ளேர்ந்து தள்ளப்படற ஹோஸ், கிளிப் இல்லனா பிச்சுக்கும்.

நவம்பர் 30

முதல் பனி போதுமான அளவுக்கு விழுந்துச்சு, 600 மீட்டர் உயரத்துல திறந்த மைதானம், மைனஸ் 10. நம்பர் எல்லாம் பதிவு பண்ற லாகர் ஓடுது. பாதி த்ராட்டில் வரைக்கும் ஏஎஃப்ஆர் (காத்து-ஃப்யூல் விகிதம், நம்பர் ஏறினா ஃப்யூல் கம்மி) 13 பக்கம், பரவால்ல. ஃபுல் த்ராட்டில்ல முதல்ல 12.1, அப்புறம் பூஸ்ட் ஏற ஏற 12.9. உடனே கை எடுத்துட்டேன். பூஸ்ட்ல எனக்கு 11.5லேர்ந்து 12க்குள்ள வேணும்.

பூஸ்ட் ஏறும்போதுதான் லீன் ஆகுதுன்னா (ஃப்யூல் பத்தலன்னா) பிரஷர் பக்கம் பாக்கணும். இஞ்செக்டர் வாய் இருக்கறது இன்டேக்ல, அங்க அரை பார் பூஸ்ட் இருந்தா ஃப்யூல் ரயில்ல (இஞ்செக்டருக்கு ஃப்யூல் குடுக்கற குழாய்ல) இருக்கற 3 பார் பிரஷர்ல அரை பார் எதிர்த்து தள்றதுக்கே போயிடும். அதனால ரெகுலேட்டருக்கு பூஸ்ட் சிக்னல் குடுத்து ரயில 3.5க்கு தூக்கணும். கேஜ் மாட்டி பாத்தா தூக்குது, ஆனா லேட்டாவும் கம்மியாவும் தூக்குது. சிக்னல் ஹோஸ் ஆயில் கூலர் பின்னாடி ஒரு மடிப்புல நசுங்கி இருந்துச்சு. வழி மாத்தினதும் கேஜ் பூஸ்ட்டோடயே ஏறுது. மிச்சத்த கன்ட்ரோலர் பெட்டில மேல் ஆர்பிஎம் செல்ல (மேப்ல அந்த கட்டத்த) கூட்டி 11.8க்கு கொண்டாந்தேன். மொதல்லயே மேப்ல ஃப்யூல் அள்ளிக் கொட்டியிருந்தா இன்னிக்கு நம்பர் சரியா வந்திருக்கும், வேற ஒரு நாள் குளிர்ல தப்பா வந்திருக்கும்.

டிசம்பர் 7

கிளட்ச் நாள். நேத்து லாகர் பதிவ பாத்தா ஃபுல் த்ராட்டில்ல 8900 தாண்டி லிமிட்டர் வரைக்கும் ஓடுது, சத்தம் பயங்கரம், வண்டி அந்த அளவுக்கு போகல. பவர் கூடிடுச்சு, கிளட்ச் பழைய பவருக்கு செட் பண்ணது, அவ்ளோதான்.

தெரியாதவங்களுக்கு: பிரைமரி கிளட்ச்ல இருக்கற வெயிட் சுத்தற வேகத்துல வெளிய விரிஞ்சு ஷீவ (பெல்ட்ட பிடிக்கற தட்ட) தள்ளுது, பெல்ட் மேல ஏறுது, அதான் அப்ஷிஃப்ட். எஞ்ஜின் பலமா ஆயிட்டா பழைய வெயிட்டால அத அடக்க முடியாது, ஆர்பிஎம் எகிறும். வெயிட்ட கூட்டினா ஷிஃப்ட் சீக்கிரம், எஞ்ஜின் மேல சுமை, ஆர்பிஎம் இறங்கும். இங்க ஸ்க்ரூ போட்டு கூட்டிக் குறைக்கற வெயிட், நுனில போடறது மேல் வேகத்துக்கு, அடிப்பக்கம் போடறது கிளம்பற நேரத்துக்கு. வெயிட் இருக்கற மூணு கையிலயும் ஒரே எடை இருக்கணும், ஒண்ணுல அரை கிராம் மாறினாலும் கிளட்ச் அதிரும்.

நுனில கூட்டிட்டே வந்தேன். ஒரு கட்டத்துல 8100க்கு இறங்கிடுச்சு, இழுவை செத்துப் போச்சு. சாதா எஞ்ஜின்ல 500 ஆர்பிஎம் கம்மின்னா ஓரளவு சமாளிக்கும், இங்க பூஸ்ட்டும் கூடவே விழுது. 8600ல இருந்து 8100ன்னா வர்க்கக் கணக்குல பூஸ்ட் 11 சதவீதம் கிட்ட போச்சு, பவர் குறைஞ்சதும் ஆர்பிஎம் இன்னும் சரியுது, ஒண்ண ஒண்ணு கீழ இழுக்குது. கொஞ்சம் எடை கழட்டினதும் 8550 பக்கம் நின்னுடுச்சு, அங்கேர்ந்துதான் வண்டி வேற வண்டி. உண்மைய சொன்னா சார்ஜர் போட்டதுல வந்த மாற்றத்த நான் மைதானத்துல உணர்ந்தது இன்னிக்குதான்.

ட்ரைவ் பெல்ட் சூட்ட கைல தொட்டு பாக்கற அளவுக்கு வெச்சுக்கணும். கை வெக்க முடியலன்னா எங்கயோ வழுக்குது. செகண்டரி கிளட்ச் ஹெலிக்ஸ்ல (ஷிஃப்ட் எப்படி நடக்கணும்னு தீர்மானிக்கற சரிவுத் துண்டு) இப்போதைக்கு கை வைக்கல, ஒரே நேரத்துல ரெண்டு மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது.

டிசம்பர் 21

மலை. 2700 மீட்டர். மச்சான் கேஜ்ஜ பாத்துட்டு "பூஸ்ட் போச்சுடா, லீக்"ன்னு பதறினான். கீழ 6.8 பிஎஸ்ஐ காட்டினது இங்க 5.3தான். லீக் இல்ல. சார்ஜர் பெருக்கல் கணக்கு பண்ற மெஷின், கூட்டல் இல்ல. உள்ள வர காத்த ஒன்றரை மடங்காக்குது. 600 மீட்டர்ல வெளிய 94 கிலோபாஸ்கல், அதோட பாதி 47, அதான் 6.8 பிஎஸ்ஐ. இங்க வெளிய 73 கிட்ட, பாதி 36, அதான் 5.3. மொத்தமா எஞ்ஜினுக்கு கிடைக்கறது 109, அதாவது கடல் மட்டத்துல ஸ்டாக் வண்டிக்கு கிடைக்கறத விட கொஞ்சம் கூட. சார்ஜர் இல்லனா இந்த உயரத்துல கால்வாசி பவர் காத்துலயே போயிருக்கும், 130ங்கறது 100 கூட நிக்காது. பூஸ்ட் நம்பர மட்டும் சொல்லி பெருமை அடிக்கறவங்ககிட்ட எந்த உயரத்துலன்னு கேளுங்க.

கிளட்ச்ல நுனி எடை கொஞ்சம் குறைக்க வேண்டி வந்துச்சு, பவர் கம்மி ஆனதால.

மதியம் இடுப்பளவு பவுடர்ல (தூள் பனில) ஒரு புது தொல்லை. ஆர்பிஎம் 8500ல கல்லு மாதிரி நிக்குது, பூஸ்ட் மட்டும் திடீர்னு 5லேர்ந்து 3.5க்கு விழுது, கீச்சுனு ஒரு சத்தம். எஞ்ஜின் வேகம் மாறாம பூஸ்ட் விழுந்தா சந்தேகப்பட வேண்டியது ஒண்ணுதான், சார்ஜர் பெல்ட் வழுக்குது. பேனல திறந்தா புல்லி பள்ளத்துல பனி உருகி ஈரம், வென்ட் வழியா உள்ள வந்திருக்கு. டென்ஷன இறுக்கலாம்னா பேரிங் மேல சுமை ஏறும், அது வேண்டாம். பக்கத்து வென்ட்ட டேப் போட்டு அடைச்சு ஒப்பேத்திட்டு இறங்கினோம். வீட்டுல அலுமினியத் தகட்டுல பெல்ட்டுக்கு ஒரு கவர் வளைக்கணும்.

இன்னொண்ணு. வண்டிக்கு இழுவை வந்ததும் முன்னாடி ஏறாத சரிவெல்லாம் ஏற ஆசை வருது. 30லேர்ந்து 45 டிகிரி சரிவுதான் பனிச்சரிவு அதிகம் நடக்கற இடம். அன்னன்னிக்கு வர எச்சரிக்கைய படிச்சுட்டு, பீக்கன் (பனில புதைஞ்சா தேடிக் கண்டுபிடிக்க உதவற சிக்னல் கருவி) போட்டு, சரிவுல ஒருத்தர் ஏறும்போது இன்னொருத்தர் பாதுகாப்பான இடத்துல நிக்கணும். சார்ஜருக்கு செலவு பண்றவன் பீக்கனுக்கு பேரம் பேசறத நான் பாத்திருக்கேன், கோவம்தான் வருது.

ஜனவரி 4

தகட்டு கவர் வேலை செய்யுது, பவுடர்ல பூஸ்ட் நேர்கோடா நிக்குது.

ஆனா இன்னிக்கு வெயில், பிளஸ் 5. இந்த கிட்ல இன்டர்கூலர் (அமுக்கின காத்த குளிர வெக்கறது) இல்ல. ஒன்றரை மடங்கு அமுக்கினா காத்து 45லேர்ந்து 50 டிகிரி சூடாகும், மைனஸ் 10ல உள்ள வந்தது 36 பக்கம் போகும், பிளஸ் 5ல வந்தது 54 பக்கம். தொடர்ந்து ஏத்தத்துல ஓட்டிட்டு ப்ளக் கழட்டி லென்ஸ் வெச்சு பாத்தேன், நடு சிலிண்டர் பீங்கான்ல பொடிப்பொடியா கருப்பு புள்ளி ஆரம்பிச்சிருக்கு. நாக்கிங், அதாவது சிலிண்டர்ல ஃப்யூல் கட்டுப்பாடு இல்லாம தானா வெடிக்கறது, அதோட முதல் அடையாளம். இந்த கன்ட்ரோலர் ஃப்யூல் மட்டும்தான் மாத்தும், தீப்பொறி டைமிங்ல கை வைக்க முடியாது, அதனால மேல் செல்ல 11.5க்கு ரிச் (ஃப்யூல் கூட) பண்ணேன், டேங்க்ல கொஞ்சம் ரேஸ் ஃப்யூல் கலந்தேன், புது ப்ளக் போட்டு அதே ஏத்தம், பீங்கான் சுத்தம்.

கிட்டோட வந்த சின்ன புல்லிய போடு, இன்னும் ரெண்டு பிஎஸ்ஐ வரும்னு மச்சான் ஒரே அரிப்பு. போடல. இன்டர்கூலர் இல்லாம இந்த கம்ப்ரெஷன்ல அது குளிர் நாள்ல மட்டும் ஓடற வண்டியாயிடும், இம்பெல்லர் வேகமும் எல்லைய தாண்டும். அடுத்த சீசன் இன்டர்கூலருக்கு இடம் இருக்கான்னு அளந்து பாத்துட்டு பேசிக்கலாம்.

ஜனவரி 18

சார்ஜர் ஆயில் லெவல் சரி, நிறமும் மாறல. பிராக்கெட் போல்ட் டார்க் (இறுக்கம்) மறுபடி பாத்ததுல ஒண்ணு லேசா திரும்புச்சு, லாக்டைட் பசை போட்டு இறுக்கியாச்சு. மேப்ப ரெண்டா சேவ் பண்ணி வெச்சிருக்கேன், குளிருக்கு 11.8, வெயில் நாளுக்கு 11.5. கிளட்ச் எடைய உயரத்துக்கு ஏத்த மாதிரி ரெண்டு செட் டப்பால போட்டு லேபிள் ஒட்டியாச்சு. ஸ்பேர் சார்ஜர் பெல்ட்டும் அத மாத்தற ஸ்பேனரும் சீட் பைல. நாளைக்கு ஹெலிக்ஸ் மாத்தி பாக்கறேன், லாக் வந்ததும் எழுதறேன்.