தட்டுவடை எண்ணெயில் ஏற்காடு வரை

தட்டுவடை பொரித்த எண்ணெயில் ஜீப் ஓடுமா என்று கேட்டால், ஓடும். ஆனால் எண்ணெயை அப்படியே டேங்கில் ஊற்றக் கூடாது. அது டீசலைவிடப் பல மடங்கு கெட்டி; இஞ்சினுக்குள் எரிபொருளைத் தூவும் இன்ஜெக்டரில் சரியாகத் தூவாது, உள்ளே கரி பிடித்துவிடும். அதைப் பயோடீசலாக, அதாவது டீசலுக்குப் பதிலாக எரிக்கக்கூடிய மெல்லிய எண்ணெயாக மாற்றி, நண்பரின் ஏற்காட்டுக் காபித் தோட்டத்து ஜீப்பில் ஓட்டிப் பார்த்தோம். மாற்றுவது எளிதாகவே நடந்தது. தண்ணீரை விரட்டுவதுதான் பெரிய வேலை.

சேலத்தில் தட்டுவடை செட் கடைக்குக் குறைவில்லை, அதனால் எண்ணெய்க்கும் குறைவில்லை. எங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் பாமாயில். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் சிதைவதால் உண்டாகும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018-லிருந்து விதி இருக்கிறது. அப்படிப்பட்ட எண்ணெய் மலிவு விலையில் இன்னொரு வாணலிக்குப் போகாமல் இஞ்சினுக்குப் போகட்டும் என்பதுதான் எனக்கு இதில் உள்ள முதல் அக்கறை.

எண்ணெயைப் பயோடீசலாக மாற்ற அடுத்து வேண்டியது மெத்தனால் என்ற விஷச் சாராயம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் இதை வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது, அது சரியும்கூட. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். அவர்களில் பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததை இந்த ஊர் மறக்காது. அதனால் வீட்டில் எதுவும் செய்வதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்தோம். நண்பர் ஒருவர் வேலை செய்யும் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில், துறையின் அனுமதியோடு, அவர்களுடைய இருப்பிலிருந்தே அளந்து எடுத்து, பதிவேட்டில் எழுதிச் செய்தோம். இப்படி ஒரு இடம் அமையாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

முதலில் எண்ணெயை வடிகட்டி, 100 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஈரத்தைப் போக்க வேண்டும். ஈரம் இருந்தால், மாற்றத்தைத் தூண்டுவதற்காகச் சேர்க்கும் காஸ்டிக் சோடா எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். அப்புறம் டைட்ரேஷன், அதாவது எண்ணெயில் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. 1 மில்லி எண்ணெயை 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, லிட்டருக்கு 1 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறம் மாற எத்தனை மில்லி பிடிக்கிறதோ, லிட்டர் எண்ணெய்க்கு அத்தனை கிராம் சோடா கூடுதலாகத் தேவை. அடிப்படை அளவு 5 கிராம். நிறம் காட்ட பினாப்தலின் இல்லையென்றால் மஞ்சள்தூளே போதும், காரம் ஏறியதும் சிவந்துவிடும்.

10 லிட்டர் எண்ணெய்க்கு 2 லிட்டர் மெத்தனால். சோடாவை அதில் கரைத்து, 55 டிகிரியில் இருக்கும் எண்ணெயோடு சேர்த்து, மூடிய கலனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கலக்கினோம். மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் சூட்டைக் கூட்டக் கூடாது. பக்கத்தில் நெருப்பும் கூடாது. இரவு முழுக்க விட்டால் கிளிசரின் கறுப்பாக அடியில் தங்கும். மேலே நிற்பதுதான் பயோடீசல்.

அதில் சோப்பும் மிச்ச மெத்தனாலும் இருக்கும், கழுவியே ஆக வேண்டும். போர்த் தண்ணீரின் உப்பு சோப்போடு சேர்ந்து திரியும் என்பதால் ஆர்.ஓ. தண்ணீரைத்தான் பயன்படுத்தினோம். பூவாளியில் விடுவதுபோல மெல்லத் தூவ வேண்டும், குலுக்கினால் பாலாகிவிடும், பிரியவே பிரியாது. அடியில் இறங்கும் தண்ணீர் தெளியும் வரை கழுவி, பிறகு சூடாக்கி உலர்த்தினோம். சூடான தோசைக்கல்லில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். படபடவென்று வெடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

முழுசாக மாறியிருக்கிறதா என்பதற்கு 3 மில்லி பயோடீசலை 27 மில்லி மெத்தனாலில் விட்டுப் பார்ப்பார்கள். மாறாத எண்ணெய் அடியில் தங்கும். இதை 20 டிகிரியை ஒட்டிச் செய்ய வேண்டும், சேலத்து வெயிலில் எல்லாமே கரைந்ததுபோலத் தெரியும். ஏ.சி. அறைக்குக் கொண்டுபோய்ச் செய்தோம்.

ஜீப் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி. சி.ஆர்.டி.ஐ. வண்டியில், அதாவது மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைத் தூவும் புதுவகை இஞ்சினில், நான் இதை முயல மாட்டேன். "டேங்குல இருக்கற பழைய அழுக்கெல்லாம் கரைஞ்சு வரும்ங்க, ஃபில்டர் கையில வெச்சுக்கங்க" என்றார் மெக்கானிக் அண்ணன். அப்படியே ஆனது, முதல் ஃபில்டர் சீக்கிரமே அடைத்தது. சாதா ரப்பர் ஹோஸ் பயோடீசலில் ஊறி இளகும் என்பதால் அதைத் தாங்கும் விட்டான் என்ற செயற்கை ரப்பர் ஹோஸ் போட்டோம். டீசலோடு 20 சதவீதம் கலந்து அடிவாரத்திலிருந்து ஏறினோம். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இழுவையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. புகை குறைந்தது கண்ணுக்கே தெரிந்தது.

மேலே வேறொரு பிரச்சினை காத்திருந்தது. டிசம்பரில் தோட்டத்து வராந்தாவில் ஒரு பாட்டில் கலக்காத பயோடீசலையும் ஒரு பாட்டில் கலவையையும் வைத்துப் பார்த்தோம். விடிந்தபோது முதல் பாட்டில் தேங்காய் எண்ணெய்போல வெள்ளையாகத் திரண்டிருந்தது. பாமாயிலில் குளிரில் எளிதில் உறையும் நிறைகொழுப்பு அதிகம், அதில் செய்த பயோடீசல் 15 டிகிரியை ஒட்டியே மங்கத் தொடங்கும். கலவை தெளிவாகவே இருந்தது. இப்போது குளிர்காலத்தில் மலை ஜீப்புக்கு 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். நாள்பட்டால் கெட்டுப்போகும் என்பதால் தேவைக்கு மட்டும் செய்கிறோம். அடுத்து புங்க எண்ணெய். அதில் அமிலம் அதிகம் என்பதால், சோடா சேர்ப்பதற்கு முன் கந்தக அமிலத்தில் ஒரு சுற்று தேவைப்படும். அதற்கு அனுமதி கேட்டுத் துறையில் கடிதம் கொடுத்திருக்கிறோம்.